பத்தாவது எலும்பு

எங்கள் ஜில்லாவில் கை முறிந்தவர் புத்தூருக்கு ஓடுவார். கால் முறிந்தவரைப் புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பச்சிலையும் முட்டை வெள்ளையும் மூங்கில் பட்டையும் வைத்து அங்கே போடுகிற கட்டுக்கு எங்கெங்கிருந்தோ ரயிலேறி ஜனம் வரும். சித்தூரில் நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது. அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அங்கே நான் எடுத்ததெல்லாம் நெஞ்சுப் படம்தான். இருமுகிறவர்கள் மட்டுமே என்னைத் தேடி வந்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரிச் சமையல்காரரே அடுக்களையில் வழுக்கி விழுந்து முழங்கை முறிந்தபோது, என் அறை வாசலைத் தாண்டித்தான் வெளியே போனார்.

"எங்க போறீங்க?" என்றேன்.

"புத்தூருக்கும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார். முகத்தில் துளிக் குற்ற உணர்ச்சி கிடையாது.

எவர் எங்கே போனால் எனக்கென்ன என்று நானும் இருந்திருப்பேன். என் வாழ்க்கையே அந்த முறிந்த எலும்புகளில் மாட்டிக்கொண்டதுதான் சங்கடம்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டாம் நாள் என் கணவர் மலாயாவுக்குக் கப்பலேறினார். அங்கே ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ரத்தமும் சளியும் பரிசோதிக்கிற வேலை. தனி ஆட்கள் தங்குகிற நீளக் கொட்டகையில் பதினோரு பேரோடு அவருக்கு ஒரு கட்டில். தோட்டத்தில் ஒரு விதி இருந்தது. கணவன், மனைவி இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தால்தான் குடும்ப வீடு. அங்கே எக்ஸ்ரே எடுக்க ஆள் இல்லை. இங்கே நான் இருந்தேன். இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? ஆனால் அந்த நாட்டில் அந்த வேலையைச் செய்ய அவர்களுடைய பதிவு வாரியம் உரிமம் தரவேண்டும். உரிமம் வந்தால் வேலை, வேலை வந்தால் வீடு, வீடு வந்தால் புருஷன். அந்த வரிசையில்தான் கடவுள் எனக்குக் கொடுக்க நினைத்திருந்தார்.

விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது. எங்கே படித்தேன், நடத்தை எப்படி, பற்கள் எத்தனை என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். பற்கள் பற்றி எனக்குக் கவலை இல்லை. கடைசிப் பக்கத்தில்தான் வெடி இருந்தது. விண்ணப்பதாரர் தன் கையாலேயே எடுத்த, கை கால் எலும்பு முறிவுப் படங்கள் பத்து. ஒவ்வொன்றோடும் நோயாளியின் சம்மதக் கையெழுத்து, படமெடுத்தவர் கையெழுத்து, மருத்துவர் கையெழுத்து.

எங்கள் டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தார்.

"இந்த ஜில்லாவுல பத்து முறிவா? பத்து யானை கேட்டிருந்தாக்கூடப் பிடிச்சிரலாமே!"

பிறந்த ஊருக்குச் சான்றிதழ் வேறு கேட்டிருந்தார்கள். நான் பிறந்தது சத்தியவேடு பக்கத்தில், அம்மாவின் ஊரில். சித்தூர் ஆந்திராவுக்குப் போனபோது அந்த ஊர் மெட்ராஸ் ராஜ்யத்திலேயே தங்கிவிட்டது. சித்தூர் அலுவலகத்துக் குமாஸ்தா என் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "மீரு மெட்ராஸ் வாள்ளு" என்று தெலுங்கில் என்னை மெட்ராஸ்காரியாக்கிக் கையைத் தெற்கே காட்டினார். தெற்கே போனால், திருவள்ளூரில் இருந்தவர், "ஆந்திராவுல வேலை செஞ்சிக்கினு இங்க வந்து கேக்கறியே" என்று கையை வடக்கே காட்டினார். இரண்டு கைக்கும் நடுவே பஸ்ஸில் நான்கு தரம் போய் வந்த பிறகு, திருவள்ளூர்க்காரர் அலுத்துப்போய் ஒரு முத்திரையைக் குத்திக் கொடுத்தார். மெட்ராஸ் ராஜ்யத்தில் பிறந்தவள் என்று உறுதியானேன். அதை என் கணவருக்கு எழுதினேன். அவரும் தோட்டத்துக் கோப்பில் மனைவி பிறந்த இடம் மெட்ராஸ் ராஜ்யம் என்று பதிவு செய்துவிட்டார். அந்த ஒரு காரியமாவது முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன், முட்டாள்.

எலும்புக்கு வழி சொன்னவர் நைனா. என் அப்பாவைத்தான் சொல்கிறேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் மிஷன் கோயிலில் கீர்த்தனை எடுத்துக்கொடுக்கிறவர் என்பதால் ஊரில் யாருக்கும் இல்லாத குரல். "முறிஞ்சவங்க எல்லாம் புத்தூர் பஸ்ஸுலதான ஏறுவாங்க? நாம பஸ் ஸ்டாண்டுல நின்னுக்குவோம்" என்றார்.

மறுநாள் முதல் காலைப் புத்தூர் பஸ் புறப்படுகிற நேரத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். துண்டால் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு யார் வந்தாலும் நைனா போய் வணக்கம் போடுவார்.

"அண்ணா, புத்தூருக்கா? போங்க, வேணான்னு சொல்லல. ஒரே ஒரு படம் புடிச்சிக்கினு அடுத்த பஸ்ஸுல போங்க. எங்க ஒடஞ்சிக்கிதுன்னு தெரிஞ்சிக்கலாம்."

"எங்க ஒடஞ்சிக்கிதுன்னு எனக்குத் தெரியும் சார். வலிக்குது இல்ல?" என்றார் முதல் ஆள். பஸ் கிளம்பிவிட்டது.

நைனாவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. மூன்று நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. நோயாளியின் பக்கம் நியாயம் இருப்பதை நைனாவைப்போல என்னால் ரசிக்க முடியவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு என் கணவரின் கட்டில் ஞாபகம் வந்தது.

கரண்டு உள்ளே போனால் எலும்பு சேராது என்று ஒரு பேச்சு ஊரில் இருந்தது. அதை உடைக்க நைனா தன் வலது கையை என்னிடம் ஒரு படம் எடுக்கச் சொல்லி, அதைக் கையிலேயே வைத்துக்கொண்டார். தயங்குகிறவர்களிடம் வெயிலுக்கு நேராகத் தூக்கிக் காட்டுவார்.

"இது என் கை. படம் புடிச்சிக்கினேன். இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவல."

"இதுல ஒடஞ்சது எங்கங்க?"

"ஒடையலியே."

"ஒடையாத கைய ஏன் படம் புடிச்சீங்க?"

நைனா படத்தைத் திருப்பி மறுபடி வெயிலில் காட்டுவார். கேட்டவர் எங்கள் பக்கத்தில் நிற்கிற நேரத்தில் பஸ் போய்விடும், அடுத்த பஸ் வரும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை, அதனால் படமெடுக்க வந்துவிடுவார். அப்படித்தான் முதல் நான்கு எலும்புகள் கிடைத்தன. டீயும் பன்னும் வாங்கித் தருகிறோம் என்ற பிறகு இன்னும் கொஞ்சம் பேர் வந்தார்கள். ஒருவர் வலது காலை இழுத்து இழுத்து நொண்டி வந்து, இரண்டு பன் தின்று, படத்துக்குப் படுத்தார். எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. "நல்லதாப் போச்சி, உங்க வாயால சொல்லிட்டீங்க" என்று எழுந்து நேராக நடந்து போனார். நான் அவரைத் திட்டிய திட்டுக்கு டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு எச்சரித்தார்.

ஒரு வருஷத்தில் ஒன்பது படங்கள் சேர்ந்தன. பத்தாவது வரவே இல்லை. ஊரில் எல்லாரும் திடீரென்று ஜாக்கிரதையாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள் போல இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கணவரின் கடிதம் வந்தது. குடும்ப வீடு ஒன்று சீக்கிரம் காலியாகப் போகிறதாம், வேறொரு தம்பதியும் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். கூடவே ஒரு வரி. "உன் போட்டோ ஒன்று அனுப்பு. இருபத்திரண்டு நாள் முகத்தை இத்தனை நாள் நினைவில் வைத்திருப்பது கஷ்டமாக இருக்கிறது." அதைப் படித்துவிட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அறையில் அழுவதில் ஒரு சௌகரியம், எவரும் கதவைத் திறக்கமாட்டார்கள், படம் கெட்டுவிடும் என்று பயம்.

புரட்டாசிச் சனிக்கிழமை வந்தது. திருமலைப் படியேற அன்றைக்குக் கூட்டமான கூட்டம் போகும். சித்தூர்க்காரர்களும் நிறையப் போவார்கள். படியில் சறுக்கினவர் சித்தூர்க்காரராக இருந்தால் எப்படியும் சித்தூர் பஸ்ஸில்தான் ஏறவேண்டும், பஸ்ஸிலேயே பேசிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்பது நைனாவின் கணக்கு. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு. இப்போது யோசித்தால் எங்கள் இரண்டு பேரையும் கட்டி வைத்திருக்கவேண்டும்.

மிஷன் சபையில் வளர்ந்த பெண்ணான நான், திருப்பதியில் அலிபிரி படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று ஏறுகிற ஜனங்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவராவது விழமாட்டாரா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது. பெண்கள் சிலர் வேண்டுதலாக ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறினார்கள். ஈர மஞ்சளில் ஆயிரம் பேர் கால் வைத்தார்கள். ஆயிரம் பேரும் ஜம்மென்று ஏறிப்போனார்கள். மொட்டை அடித்த கிழவர் ஒருவர் தடுமாறினார். நான் பதறி, அவரைப் பிடிக்கவா அல்லது விழட்டும் என்று பார்க்கவா என்று எனக்கே தெரியாமல், நான்கு படி தாவி ஏறினேன். அவர் சமாளித்து நின்றுகொண்டார். நான் விழுந்தேன்.

இடது மணிக்கட்டு டப்பென்று சத்தம் போட்டது. அந்தக் கிழவர்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தார். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அத்தனை பேரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். "புத்தூருக்கு இட்டுக்கினு போங்க! ரேணிகுண்டாவுல ரயிலு கீது!"

நைனா என் பக்கத்தில் மண்டியிட்டார். முகம் வெளுத்திருந்தது. "பாப்பா, ஒடஞ்சி போச்சா?"

"ஒடஞ்சிதான் போச்சி" என்றேன். "நைனா, பத்து!"

வலியில் கண்ணீர் வழிகிறது, சிரிப்பும் வருகிறது. நைனாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மேல இருக்கறவரு பாத்துக்கினுதான் இருக்காரு" என்றார். எந்த மேலே என்று நானும் கேட்கவில்லை.

சித்தூர் பஸ்ஸில் ஏறினோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் கை வீங்கிவிட்டது. என் இடது கையை நானே ஃபிலிம் வைத்த கேசட்டின்மேல் வைத்தேன். சுவிட்சின் வயர் நீளமாக இருந்ததால் வலது கையால் நானே அழுத்தினேன். இருட்டறையில் ஒற்றைக் கையால் கழுவி எடுத்தேன். முறிவு தெளிவாக விழுந்திருந்தது. பிறந்ததிலிருந்தே உள்பக்கம் வளைந்த என் சுண்டுவிரலும் விழுந்திருந்தது. பெண் பார்க்க வந்தபோது என் கணவர் முதலில் கவனித்தது அந்த விரலைத்தான்.

டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது என்ன?"

கல்யாண மோதிரம். விரலைச் சுற்றி வெள்ளை வெளேரென்று கிடந்தது. உலோகம் எதையும் கழற்றாமல் படமெடுக்கக்கூடாது என்று எல்லா நோயாளிகளிடமும் தொண்டை வற்றக் கத்துகிறவள் நான். வீக்கத்தில் கழற்ற முடியவில்லை என்றேன்.

"இந்தப் படத்தை அனுப்பினா வாரியத்துல உன்னை வேலை தெரியாதவள்னு எழுதிருவாங்க. மோதிரத்தை வெட்டிட்டு வா."

சோப்புப் போட்டோம், எண்ணெய் போட்டோம், அசையவில்லை. கடைத்தெரு நகைப் பத்தர் சின்ன அரத்தால் அறுத்து இரண்டு துண்டாக எடுத்தார். முறிந்தபோதுகூட நான் அப்படிக் கதறவில்லை. துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து இரண்டாவது படம் எடுத்தேன். அது சுத்தமாக வந்தது. நோயாளி கையெழுத்து என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படமெடுத்தவர் கையெழுத்து என்ற இடத்திலும் போட்டேன்.

டாக்டரம்மா மாவுக்கட்டுக்கு எல்லாம் எடுத்து வைத்தார். அப்போது எனக்குத் திடீரென்று பயம் வந்தது. கோணலாகச் சேர்ந்துவிட்டால்? இந்தக் கையோடு யார் என்னை வேலைக்கு எடுப்பார்கள்? படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வாய் தானாகத் திறந்து, "டாக்டரம்மா, நான் ஒருவாட்டி புத்தூருக்குப் போய்க்கினு வந்துடறேன்" என்றது.

அவர் மாவுத் துணியைத் திரும்பச் சுருட்டி வைத்தார். பிறகு வாசலைக் காட்டினார். மோதிரப் படம் மேஜையில் கிடந்தது. "வீணாப்போன இதையும் எடுத்துட்டுப் போ" என்றார்.

புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டு நான் வெளியே வந்தபோது, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் நைனாவைப் பார்த்து, "சார், படம் புடிக்கச் சொல்லி எங்கள எல்லாம் தொரத்தனது நீங்கதான?" என்று கேட்டார். நைனா கம்பீரமாக, "படம் புடிச்சிக்கினுதான் வந்தோம்" என்றார்.

கை நேராகச் சேர்ந்தது. பார்த்தால் எங்கே முறிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பத்துப் படங்களையும் வாரியத்துக்கு அனுப்பினேன். வீணாய்ப்போன படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கணவருக்கு அனுப்பினேன். "போட்டோ கேட்டீர்கள். ஸ்டூடியோவுக்குப் போக நேரமில்லை. இது நான்தான். மோதிரம் தெரிகிறது பாருங்கள், இப்போது அது விரலில் இல்லை" என்று எழுதினேன். அதைக் கொட்டகையில் தன் கட்டிலுக்கு நேரே ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்ததாகவும், பக்கத்துக் கட்டில்காரர் அதைப் பார்த்து "உங்க சம்சாரம் ரொம்ப மெலிஞ்சிட்டாங்களே" என்று விசாரித்ததாகவும் பதில் வந்தது.

வாரியத்திலிருந்தும் பதில் வந்தது. பத்தாம் எண் படத்தில் நோயாளியின் கையெழுத்தும் படமெடுத்தவர் கையெழுத்தும் ஒன்றுபோல் இருப்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். நோயாளியும் நான், எடுத்தவளும் நான் என்று எழுதினேன். அப்படியானால் விண்ணப்பதாரர் தன்னைப் படமெடுக்க விண்ணப்பதாரருக்கு மனமுவந்து சம்மதம் அளித்தாரா, வற்புறுத்தல் ஏதேனும் இருந்ததா என்று கேட்டார்கள். வற்புறுத்தல் இருந்தது, ஆனால் அதற்கு நான் சம்மதித்தேன் என்று எழுதினேன். கோபத்தில் எழுதிவிட்டுப் பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். கடைசியில் வந்தது. விண்ணப்பதாரர் தன் எலும்பையே முறித்துக்கொள்வதற்கு விதிகளில் தடை ஏதும் காணப்படவில்லை, உரிமம் வழங்கப்படுகிறது. வீடு கேட்ட இன்னொரு தம்பதியும் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நைனா கடிதத்தைத் தெருவில் நின்று தன் முழுக் குரலில் வாசித்தார்.

பாஸ்போர்ட்டுக்குக் காகிதம் வாங்க மறுபடி சித்தூர் அலுவலகம் போனேன். அதற்குள் எல்லை ஒப்பந்தம் முடிந்து, திருத்தணி அந்தப் பக்கம் போய், சத்தியவேடு இந்தப் பக்கம் வந்திருந்தது. அதே குமாஸ்தா எழுந்து நின்று நாற்காலி போட்டார். "ரண்டி அம்மா! இப்புடு மீரு மா வாள்ளே!" என்று என்னைத் தங்கள் ஆளாக்கிக் கை கூப்பினார். நான் பிறந்தது ஆந்திரா என்று ஒரே நாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்றாலும் விடவில்லை.

மலாயாவில் தோட்டத்து அலுவலகக் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். நான் போய் இறங்கிய அன்று, வீட்டுச் சாவி அவர் மேஜையில் இருந்தது. என் கணவர் என் பக்கத்தில் நின்றார். துறைமுகத்தில் பார்த்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூட ஒழுங்காகப் பேசவில்லை. அவ்வளவு வெட்கம்.

கிராணி கோப்பைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "கோப்பில் உள்ள மனைவி மெட்ராஸ் ராஜ்யத்தில் பிறந்தவர். இந்த அம்மா ஆந்திராவில் பிறந்தவர். இது வேறு பெண்."

"ஊர் அதேதாங்க. ராஜ்யம்தான் மாறிச்சி" என்றார் என் கணவர்.

"ஊர் எப்படி ஐயா ராஜ்யம் மாறும்? கல்யாணச் சான்றிதழ் இருக்கிறதா?"

கொடுத்தோம். அதில் பெண்ணின் ஊர் சித்தூர் என்று இருந்தது. கிராணி கண்ணாடியைக் கழற்றினார். "இப்போது மூன்று பெண்கள்" என்றார். சாவியை எடுத்து மேஜை டிராயரில் போட்டார்.

ஒன்பது பேர் எலும்பும் என் எலும்பும் ஒரு எல்லைக் கோட்டை இப்படியும் அப்படியும் போட்டதால் வீணா? வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். படிவத்தில் எண்ணிக் கேட்ட அதே பற்கள். என் கணவர் கொட்டகைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அந்தப் படம் இருந்தது, ஓரங்களில் பசைக் காகிதம் ஒட்டியபடி.

"இதுதாங்க என் மனைவி. பாத்துக்குங்க."

கிராணி அதை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். என் இடது கையைப் பக்கத்தில் நீட்டச் சொன்னார். வளைந்த சுண்டுவிரலைப் படத்தில் பார்த்தார், கையில் பார்த்தார். "படத்தில் மோதிரம் இருக்கிறது. கையில் இல்லையே?" என்றார். கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் படத்தின்மேல் வைத்தேன். வளையத்தின்மேல் வளையம் சரியாக உட்கார்ந்தது. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கோப்பில் எழுதினார்: மனைவி, எலும்பு பார்த்து உறுதி செய்யப்பட்டது. சாவியை எடுத்து நீட்டினார்.

பெட்டியை எடுக்கக் கொட்டகைக்குப் போனோம். பதினோரு பேரும் எழுந்து வரிசையாக நின்று என்னைப் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் திருப்தியாகத் தலையாட்டினார். "பரவாயில்ல, இப்ப நல்லா சதை போட்டிருக்காங்க" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில் என் கணவர் என் இடது கையைப் பிடித்தார். முறிந்த இடம் எனக்கே மறந்துபோயிருந்தது. அவர் கட்டைவிரல் சரியாக அந்த இடத்தில் போய் நின்றது, தினமும் காலையில் எழுந்ததும் அவர் அதைத்தானே பார்த்திருக்கிறார்.